கிராஃபீன் கரைசலும் பச்சை லேசரும்: கல்லூரி ஆய்வகத்தில் இசட்-ஸ்கேன் செய்ய முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜனவரி பிறந்துவிட்டால் புராஜெக்ட் கவலை வந்துவிடும். நேரியலற்ற ஒளியியல் (ஒளியின் செறிவு ஏற ஏறப் பொருளின் குணமே மாறுவதைப் படிக்கும் துறை) பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறார்கள். கையில் பச்சை லேசர் ஒன்று இருக்கும், கிராஃபீன் ஆக்சைடு கலந்த தண்ணீர் இருக்கும், ஒரு லென்ஸ், ஒரு பவர் மீட்டர். லேசரின் குவியத்தின் வழியே சாம்பிளை நகர்த்தி அளக்கும் இசட்-ஸ்கேன் செய்வார்கள். ஒரு மாதம் கழித்து வரைபடத்தில் அழகான மேடும் பள்ளமும் கிடைக்கும். கணக்குப் போட்டால் எண் மலைக்க வைக்கும். அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதி, வைவாவில் மாட்டிக்கொள்வார்கள்.

நான் வழிகாட்டிய ஒரு மாணவிக்கும் இது நடந்தது. “இது ஒளி செய்ததா, சூடு செய்ததாம்மா?” என்று தேர்வாளர் கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை நான் முன்பே அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் அளப்பது எப்படி என்பதோடு, அளந்தது என்ன என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கும் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில், கிராஃபீன் ஒளியை என்ன செய்கிறது?

2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளை, அதாவது கிராஃபீனை, பிரித்தெடுத்தார்கள். 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஒற்றைத் தாள் தன் மேல் விழும் வெள்ளை ஒளியில் 2.3 சதவீதத்தை விழுங்கிவிடுகிறது. ஓர் அணு தடிமனுக்கு இது மிகப் பெரிய அளவு. பை (3.14) என்ற எண்ணை 137-ஆல் வகுத்தாலே இந்த எண் வந்துவிடும்.

கிராஃபீனில் ஆற்றல் இடைவெளி கிடையாது. எந்த நிற ஒளி வந்தாலும் எலக்ட்ரான் மேலே தாவும். ஒளியின் செறிவு ஏறிக்கொண்டே போனால் மேலே உள்ள இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. அடுத்து வரும் ஒளிக்கு இடமில்லை, அது உள்ளே புகுந்து வெளியே போய்விடுகிறது. செறிவு கூடக் கூடப் பொருள் தெளிவாகிக்கொண்டே போகும் இந்தக் குணம்தான் தெவிட்டும் உட்கவர்தல். 2009-இல் இதை வைத்து ஃபைபர் லேசர்களில் மிகக் குறுகிய துடிப்புகளை உண்டாக்கிக் காட்டினார்கள்.

கிராஃபீன் ஆக்சைடு கொஞ்சம் வேறு ஆள். தாளின் சில இடங்களில் ஆக்சிஜன் ஏறி உட்கார்ந்திருக்கும், அங்கே ஆற்றல் இடைவெளி திறந்திருக்கும். நடுநடுவே ஆக்சிஜன் ஏறாத கிராஃபீன் தீவுகளும் இருக்கும். தீவுகள் தெவிட்டும். ஆக்சிஜன் ஏறிய பகுதியோ செறிவு கூடினால் இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்கப் பார்க்கும். இரண்டு ஃபோட்டான் உட்கவர்தல் நடக்கும் என்று மரியா கோப்பர்ட் மேயர் 1931-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். லேசர் வந்தது 1960-இல்தான். ஒரே சாம்பிளில் இந்த இரண்டு குணமும் போட்டி போடுவதால்தான் கிராஃபீன் ஆக்சைடு சுவாரசியமாக இருக்கிறது.

படி 1: சாம்பிள்

மூலப்பொருள் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் சிவகங்கை. அந்த மாவட்டத்தில் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் கிராஃபைட் வெட்டி எடுக்கிறது. செதில் செதிலான கிராஃபைட். கையில் தேய்த்தால் விரல் வழுவழுவென்று கறுத்து மின்னும்.

கிராஃபைட்டை ஆக்சைடாக்க 1958-இல் ஹம்மர்ஸும் ஆஃப்மேனும் சொன்ன முறைதான் இன்றும் அடிப்படை. அடர் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட், கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு. புகைக்கூண்டு வேலை செய்யாத ஆய்வகம் என்றால் இதைத் தொடவே வேண்டாம். தயார் நிலையில் விற்கும் கிராஃபீன் ஆக்சைடை வாங்கிக்கொள்ளுங்கள். பெர்மாங்கனேட்டும் கந்தக அமிலமும் சேரும்போது மாங்கனீசு ஹெப்டாக்சைடு உருவாகிறது. 55 டிகிரியைத் தொட்டால் அது வெடிக்கக்கூடியது. அதனால் பெர்மாங்கனேட் போடும்போது வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும். கத்திரி வெயிலில் ஃப்ரிட்ஜ் ஐஸ் கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஐஸ் கம்பெனியிலிருந்து பார் ஐஸ் வாங்கி உடைத்து, கல் உப்புப் போட்டு, தெர்மாமீட்டரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நைட்ரேட் நச்சுவாயுவைக் கிளப்பும். அதை விட்டுவிட்டு, கந்தக அமிலத்தோடு பாஸ்பாரிக் அமிலத்தை 9-க்கு 1 என்று சேர்க்கும் முறையை ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் 2010-இல் வெளியிட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கழுவும் வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அப்புறம் காய்ச்சி வடித்த நீர், திரும்பத் திரும்ப. இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கிராஃபீன் ஆக்சைடுத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். ஒரு பையன் கடைசிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டதென்று குழாயைத் திறந்தான். தேன் நிறத்தில் தெளிவாக இருந்த திரவம், திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக அடியில் இறங்கிவிட்டது. ஒரு வார உழைப்பு.

கழுவியதை மீயொலிக் குளியலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். நீர் சூடானால் மாற்றுங்கள். ஓரிரவு அப்படியே விட்டு, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். புறஊதா நிறமாலையில் 230 நானோமீட்டர் அருகே முகடும் 300 அருகே ஒரு தோளும் தெரிந்தால் கிராஃபீன் ஆக்சைடு சரியாக வந்திருக்கிறது. அஸ்கார்பிக் அமிலம் போட்டுச் சூடாக்கி ஆக்சிஜனைக் குறைத்தால் பழுப்பு கறுப்பாகும், முகடு 270 பக்கம் நகரும். இரண்டையும் வைத்திருந்தால் ஒப்பிட வசதி.

கரைசலின் செறிவை எடை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1 மில்லிமீட்டர் குவெட்டில் (தட்டையான கண்ணாடிச் சிறுகலம்) ஊற்றி, 532 நானோமீட்டரில் 80 சதவீத ஒளி மறுபக்கம் வருமாறு நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான 10 மில்லிமீட்டர் குவெட் இதற்கு உதவாது. ஏன் என்று மூன்றாவது படியில் தெரியும்.

படி 2: மேசை, லேசர், கண்

அதிர்வு தாங்கும் ஒளியியல் மேசை இல்லையா? மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பலகை ஒன்று, அதன் அடியில் அரைகுறையாகக் காற்றடைத்த ஸ்கூட்டர் டியூப் மூன்று. வாசலில் பஸ் போனாலும் ஒளிப்புள்ளி அசையாது. ஃபேனை அணைத்துவிட்டு, காலை 6 மணிக்கு அளவெடுங்கள். அந்த நேரத்தில் தூசியும் அடங்கியிருக்கும், வோல்டேஜும் நிலையாக இருக்கும். லேசரை யு.பி.எஸ். வழியாக இணைத்து, அரை மணி நேரம் எரியவிட்டபின் தொடங்குங்கள்.

மலிவான பச்சை லேசர்கள் உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடை வைத்து 1064-ஐ உண்டாக்கி, அதைப் பாதியாக்கி 532-ஐத் தருகின்றன. வெளியே வரும் வாயில் அகச்சிவப்பை நிறுத்தும் வடிகட்டி இருக்க வேண்டும். நாங்கள் வாங்கிய ஒன்றில் அது இல்லவே இல்லை. ஒரு முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்து, பச்சைக்குப் பக்கத்தில் இருட்டாகத் தெரிந்த இடத்தில் பவர் மீட்டரை வைத்தபோதுதான் தெரிந்தது. அதுவரை இரண்டு வாரம் பச்சைக்கு மட்டுமான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறோம். உங்கள் லேசரையும் முதல் நாளே இப்படிச் சோதியுங்கள். அகச்சிவப்பு இருந்தால் கண்ணுக்கு மட்டுமல்ல, அளவீட்டுக்கும் கேடு. கிராஃபீன் அதையும் விழுங்கிச் சூடாகும்.

5 முதல் 500 மில்லிவாட் வரையுள்ள லேசர்கள் 3-பி என்ற ஆபத்து வகுப்பு. நேராகப் பட்டால் கண்ணிமைப்பதற்குள் விழித்திரை போய்விடும். வாட்ச், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். உட்கார்ந்தால் கண் கதிரின் மட்டத்துக்கு வரும்படி நாற்காலி போடாதீர்கள்.

படி 3: குவியத்தின் அளவு

இசட்-ஸ்கேன் முறையை 1989-இல் மன்சூர் ஷேக்-பஹேயும் எரிக் வான் ஸ்ட்ரைலண்டும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். யோசனை எளிது. லேசரை லென்ஸால் குவித்து, குவியத்துக்கு முன்னிருந்து பின்வரை சாம்பிளை மெதுவாக நகர்த்துவது. கதிர் எங்கே ஒடுங்கியிருக்கிறதோ அங்கே செறிவு அதிகம். சாம்பிள் தானே ஒரு மெல்லிய லென்ஸ் போல மாறினால், தூரத்தில் ஒரு சிறு துளையின் வழியே வரும் ஒளி கூடும் அல்லது குறையும்.

கணக்கு முழுவதும் குவியத்தில் கதிரின் ஆரத்தைப் பொறுத்தது. லென்ஸுக்கு முன் கதிரின் ஆரத்தைச் சவர பிளேடால் அளக்கலாம். பிளேடை மைக்ரோமீட்டரில் பொருத்திக் கதிரைக் குறுக்கே வெட்டுங்கள். திறன் 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்க பிளேடு நகர்ந்த தூரத்தை 1.28-ஆல் வகுத்தால் ஆரம். அது 1 மில்லிமீட்டர், லென்ஸின் குவியத் தூரம் 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

குவிய ஆரம் = அலைநீளம் × குவியத் தூரம் ÷ (பை × கதிர் ஆரம்) = சுமார் 34 மைக்ரான்

ராலே நீளம் (குவியத்தின் இருபுறமும் கதிர் ஒடுங்கியே இருக்கும் தூரம்) = பை × குவிய ஆரத்தின் வர்க்கம் ÷ அலைநீளம் = சுமார் 6.8 மில்லிமீட்டர்

சாம்பிளின் தடிமன் ராலே நீளத்தைவிட நன்றாகக் குறைவாக இருந்தால்தான் சூத்திரங்கள் செல்லும். 10 மில்லிமீட்டர் குவெட் வேண்டாம் என்றது இதனால்தான்.

படி 4: ஸ்கேன்

லேசர், திறன் குறைக்கும் வடிகட்டி, லென்ஸ், நகரும் தளத்தில் குவெட், ஒரு கதிர்பிரிப்பான். பிரிந்த ஒரு கதிர் முழுவதும் ஒரு லென்ஸால் சேகரிக்கப்பட்டு முதல் டிடெக்டருக்கு. இது திறந்த துளை. மற்றது துளை வழியே இரண்டாவது டிடெக்டருக்கு. இது மூடிய துளை. சாம்பிள் இல்லாதபோது கதிரில் 20 சதவீதம் உள்ளே போகுமாறு துளையைச் சரிசெய்யுங்கள்.

திறன் 10 மில்லிவாட். குவியத்தில் செறிவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 550 வாட். குவியத்திலிருந்து இருபுறமும் 35 மில்லிமீட்டர், ஒவ்வொரு மில்லிமீட்டராக. ஒவ்வோர் இடத்திலும் 2 விநாடி நின்று படியுங்கள். வெறும் நீர் நிரப்பிய குவெட்டில் முதலில் ஓட்டுங்கள். நேர்கோடு வர வேண்டும். வராவிட்டால் குவெட் சாய்ந்திருக்கிறது, அல்லது கண்ணாடியில் விரல் ரேகை.

மூடிய துளை அளவைத் திறந்த துளை அளவால் வகுத்து வரையுங்கள். சாம்பிள் லென்ஸ் பக்கமிருந்து வரும்போது முதலில் மேடு, அப்புறம் பள்ளம் என்றால் ஒளிவிலகல் எண் செறிவோடு குறைகிறது. சாம்பிள் குழிலென்ஸ் போல நடந்துகொள்கிறது. நம் கரைசலில் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள்.

படி 5: கணக்கு, அதில் உள்ள குழி

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.30 என்று வைத்துக்கொள்வோம். துளையின் பங்கு 0.2 என்றால், ஒன்றிலிருந்து அதைக் கழித்து நான்காம் மூலம் எடுத்து 0.406-ஆல் பெருக்க 0.384 வரும். 0.30-ஐ அதனால் வகுத்தால் கட்ட மாற்றம் (சாம்பிளால் ஒளி அலை முன்பின் நகரும் அளவு) 0.78 ரேடியன். பயனுறு தடிமன் (உட்கவர்தலைக் கழித்த தடிமன்) 0.9 மில்லிமீட்டர். கட்ட மாற்றத்தை அலைநீளத்தால் பெருக்கி, 6.28, குவியச் செறிவு, பயனுறு தடிமன் மூன்றாலும் வகுத்தால் நேரியலற்ற ஒளிவிலகல் எண் (செறிவோடு ஒளிவிலகல் எண் மாறும் அளவு) சுமார் 1.3 × 10⁻¹¹ சதுர மீட்டர்/வாட்.

இந்தத் துறையில் அளவுகோலாக வைக்கும் கார்பன் டைசல்ஃபைடு திரவத்துக்குப் பிக்கோவிநாடித் துடிப்பில் இந்த எண் 3 × 10⁻¹⁸ பக்கம். நம் பழுப்புத் தண்ணீர் அதைவிட 44 லட்சம் மடங்கு மேல்! இங்கேதான் நிற்க வேண்டும்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். இதே 10 மில்லிவாட்டில் கார்பன் டைசல்ஃபைடின் எலக்ட்ரான்களும் மூலக்கூறுகளும் தரக்கூடிய கட்ட மாற்றம் ஒரு கோடியில் இரண்டு பங்கு ரேடியன். எந்த டிடெக்டரிலும் தெரியாது. இப்போது சூட்டின் கணக்கு. நம் சாம்பிள் 10 மில்லிவாட்டில் 2 மில்லிவாட்டை விழுங்குகிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.0001 குறையும், வெப்பக் கடத்துதிறன் 0.6. விழுங்கிய திறனை 0.0001-ஆல் பெருக்கி, அலைநீளத்தாலும் கடத்துதிறனாலும் வகுத்தால் 0.63 ரேடியன் வருகிறது. அளந்ததோ 0.78. ஏறக்குறைய மொத்தமும் சூடுதான் என்பது ஒரு தாளில் போட்ட கணக்கிலேயே தெரிந்துவிட்டது.

படி 6: சூட்டைக் கையும் களவுமாகப் பிடிப்பது

தாளில் தெரிந்ததை மேசையிலும் காட்ட வேண்டும். நான்கு சோதனைகள் சொல்கிறேன். நான்கும் செய்தால் நல்லது.

மேட்டின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் இடையே சாம்பிள் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று பாருங்கள். ஒளி நேரடியாகச் செய்யும் மாற்றம் என்றால் ராலே நீளத்தின் 1.7 மடங்கு, அதாவது 11.5 மில்லிமீட்டர். சூடு கதிரின் விளிம்பைத் தாண்டிப் பரவும். அது நிலைத்துவிட்டால் இடைவெளி சுமார் 3.5 மடங்கு, 23.5 மில்லிமீட்டர் வரை அகலும். இந்த ஒரு அளவு ஏற்கெனவே உங்கள் வரைபடத்தில் இருக்கிறது, பலர் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, நேரம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ஆடும் கை ஒன்று இருக்கும். அதன் நுனியில் கறுப்புத் தாளை ஒட்டினால் அருமையான ஷட்டர். சாம்பிளை மேட்டின் இடத்தில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து, டிடெக்டரை ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். எலக்ட்ரான் செய்யும் வேலை ஃபெம்டோவிநாடிகளில் முடியும். திரையில் உடனே படிபோல் ஏறும். சூடு அப்படி வராது. நீரில் 34 மைக்ரான் ஆரத்துக்கு வெப்பம் பரவும் காலம் சுமார் 2 மில்லிவிநாடி. சாம்பிள் நிற்கும் இடத்தில் கதிரின் ஆரம் இரண்டு மடங்கு என்றால் 8 மில்லிவிநாடி. ஷட்டர் திறந்ததால் திரையில் கோடு ஒரு படி ஏறி, அதன்பின் மெல்ல வளைந்து வளைந்து மேலே போவதைப் பார்ப்பீர்கள். அந்த வளைவை முதன்முதலில் பார்த்த அன்று என் மாணவி பேசாமல் ஐந்து நிமிடம் ஷட்டரைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது, கரைப்பான் மாற்றம். எத்தனாலின் ஒளிவிலகல் எண் நீரைவிட நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தில் குறையும், கடத்துதிறன் 0.17 மட்டுமே. இரண்டையும் சேர்த்தால் சூட்டு லென்ஸ் சுமார் 14 மடங்கு வலுவாகும். எத்தனாலில் கலந்து, 80 சதவீத ஊடுருவலுக்குச் சரிசெய்து, திறனை 1 மில்லிவாட்டுக்குக் குறைத்து ஓட்டுங்கள். ஒரு மில்லிவாட்டுக்கான கட்ட மாற்றம் கிட்டத்தட்ட இந்த விகிதத்தில் உயர்ந்தால் கிராஃபீன் இங்கே அடுப்பு வேலைதான் பார்த்திருக்கிறது.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது. கீழமாசி வீதி மளிகைக் கடையில் சிவப்பு ஃபுட் கலர் வாங்குங்கள். பச்சையை நன்றாக விழுங்கும். நீரில் கரைத்து, 532-இல் அதே 80 சதவீதம் வருமாறு வைத்து, அதே திறனில் ஸ்கேன் செய்யுங்கள். அதே மேடு, அதே பள்ளம் வந்தால், அந்த அளவீட்டில் கிராஃபீனுக்கென்று தனிப் பங்கு எதுவும் இல்லை. வித்தியாசம் வந்தால் அந்த வித்தியாசம்தான் உங்கள் ஆய்வு.

வளையங்கள்

எத்தனால் சாம்பிளில் திறனை 50 மில்லிவாட்டுக்கு ஏற்றி, இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைத் திரை வையுங்கள். ஷட்டர் திறந்ததும் பச்சைப் புள்ளி விரிந்து, உள்ளிருந்து வெளியே வளையம் வளையமாக மலரும். ஒரு விநாடிக்குள் மேல்பாதி சரிந்து, வட்டம் பிறைபோல் தட்டையாகிவிடும். சூடான திரவம் மேலெழும் வெப்பச்சலனம்தான் காரணம். கண்ணாடி ஒன்றால் கதிரைத் திருப்பி, குவெட்டுக்குள் கீழிருந்து மேலாக அனுப்புங்கள்; சரிவு மறைந்து வட்டம் வட்டமாகவே நிற்கும். வளையங்களின் எண்ணிக்கையை 6.28-ஆல் பெருக்கினால் கட்ட மாற்றத்தின் தோராய அளவு கிடைத்துவிடும்.

படி 7: துடிப்பு லேசர் கிடைத்தால்

கிராஃபீனின் சொந்தக் குணத்தைப் பார்க்க, தொடர் லேசர் போதாது. 532-இல் 5 நானோவிநாடித் துடிப்பு தரும் என்.டி.-யாக் (நியோடிமியம் சேர்த்த படிக) லேசர் உள்ள ஆய்வகத்தில் இரண்டு நாள் நேரம் கேளுங்கள். 100 மைக்ரோஜூல் துடிப்பு நம் லென்ஸிலேயே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 ஜிகாவாட் தரும். விநாடிக்கு 10 துடிப்பு என்றால் அடுத்த துடிப்புக்குள் சூடு கலைந்துவிடும். திறந்த துளை அளவீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். குறைந்த ஆற்றலில் குவியத்தில் மேடு வந்தால் தெவிட்டல். ஆற்றலைக் கூட்டும்போது அந்த மேட்டின் நடுவே குழி விழத் தொடங்கும். இரண்டு ஃபோட்டான் உட்கவர்தலும், ஏற்கெனவே மேலேறிய எலக்ட்ரான்கள் மறுபடி விழுங்குவதும் சேர்ந்த குழி அது.

ஆனால் திரவத்தில் இன்னொன்றும் கலக்கும். தாள்கள் சட்டென்று கொதித்து நுண்குமிழிகளை உண்டாக்கும், குமிழிகள் ஒளியைச் சிதறடிக்கும், டிடெக்டருக்கு அதுவும் குழியாகத்தான் தெரியும். குவெட்டின் பக்கவாட்டில் ஒரு டிடெக்டர் வையுங்கள். குழி ஆழமாகும் அதே ஆற்றலில் பக்கவாட்டு ஒளியும் திடீரென்று ஏறினால், அது சிதறல். இதைத் தவிர்க்க, கிராஃபீன் ஆக்சைடைப் பாலிவினைல் ஆல்கஹாலில் கலந்து பெட்ரித் தட்டில் ஊற்றிக் காயவைத்து, படலமாகவும் ஒரு சாம்பிள் எடுத்துச் செல்லுங்கள். படலத்தில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் புது இடம். சுட்ட இடம் கறுத்து ஆக்சிஜன் இழந்திருக்கும்.

ஆய்வேட்டில் எழுதும்போது

ஒளிவிலகல் எண்ணை மட்டும் தனியாக எழுதாதீர்கள். தொடர் லேசரா துடிப்பா, திறன் எவ்வளவு, குவிய ஆரம், குவெட்டின் தடிமன், கரைப்பான், ஒவ்வோர் இடத்திலும் காத்திருந்த நேரம், ஃபுட் கலர் ஒப்பீட்டின் வரைபடம், எல்லாம் அதே பக்கத்தில் இருக்கட்டும். தொடர் லேசரில் எடுத்த எண்ணுக்கு முன்னால் “வெப்பத்தால் விளைந்த” என்ற சொற்களைச் சேருங்கள். கார்பன் டைசல்ஃபைடோடு ஒப்பிடும் வாக்கியம் இருந்தால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆசிலாஸ்கோப்பில் எடுத்த மில்லிவிநாடி வளைவை ஒட்டுங்கள்.